கடன் வாங்கிய கருத்துக்குக் கணக்கு

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். 'பிராஜெக்ட்' என்னும் செயல்திட்டக் கட்டுரையைக் குறித்த தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். படங்கள் தேட வேண்டும், அட்டை போட வேண்டும், ஸ்பைரல் பைண்டிங் கடைக்கு ஓட வேண்டும். எல்லாம் முடிந்த கடைசி இரவில்தான், "பிப்ளியோகிராபி என்று ஒரு பக்கம் வைக்கணுமாம்" என்று பிள்ளைக்கு நினைவு வரும். கூகுள், விக்கிபீடியா, பாடப்புத்தகம் என்று மூன்று வரி எழுதியதும் கட்டுரை நிறைவு பெற்றுவிடும்.

அந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். பிறர் நூலிலிருந்து எடுத்ததை எப்படிக் குறிப்பிடுவது, கட்டுரையை எந்த வடிவில் எழுதுவது என்பவற்றை நம் பள்ளிகள் பலவற்றில் தனிப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்ததும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த இடைவெளியை வீட்டிலேயே ஓரளவு நிரப்பலாம்.

மதிப்பெண் சிறிது, பழக்கம் பெரிது

சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுக்கு எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், செயல்திட்டம் 20 மதிப்பெண். இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்னும் ஐ.பி. பாடத்திட்டத்தில் டிப்ளமா பெற விரும்பும் மாணவர், அதிகபட்சம் 4,000 சொற்களில் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுத வேண்டும். ஆக, கட்டுரை எழுதுவது இன்று பட்டப்படிப்புக்கு வந்தபின் கற்றுக்கொள்ளும் காரியமன்று.

பின்னால் வருவது இன்னும் கடுமையானது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு எழுத்துத் திருட்டைத் தடுக்கத் தனி விதிமுறைகளையே வெளியிட்டது. அதன்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுத வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக் காலம் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். முறைப்படி சான்று காட்டி எடுத்தாண்ட மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேரா என்பதையும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. பிறர் கருத்தைப் பயன்படுத்துவது குற்றமன்று, பெயர் சொல்லாமல் பயன்படுத்துவதே குற்றம் என்பது இதிலிருந்து விளங்கும்.

வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குவது தவறில்லை. வாங்கியதை மறந்துவிட்டு நம் டப்பாவில் இருந்தது என்று சொல்வதுதான் தவறு. கருத்துக்கும் அதே நியாயம்தான்.

"பிறர்" என்றால் யார்?

மேற்கோள் காட்டுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று நினைப்போர் உண்டு. தொல்காப்பியமே தனக்கு முந்தைய புலவர்கள் சொன்னதை 'என்ப', 'என்மனார்' என்று பிரித்துக் காட்டிச் செல்கிறது. நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது பத்து நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக் காட்டுவார்கள். தகடூர் யாத்திரை என்ற நூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அதிலிருந்து இன்று நம்மிடம் இருப்பவை உரைகளிலும் தொகை நூலிலும் எடுத்தாளப்பட்ட பாடல்களே. மேற்கோள் இல்லாதிருந்தால் அவையும் போயிருக்கும்.

ஆனால் அந்த முறையில் ஒரு குறையும் இருந்தது. சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் எண்ணற்ற மேற்கோள்களைத் தருகிறார். பல இடங்களில் நூற்பெயர் கூறாமல் "என்றார் பிறரும்" என்ற அளவில் விட்டுவிடுகிறார். அந்தக் காலத்துப் படிப்பாளிகளுக்கு நூல்கள் மனப்பாடம், பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துச் சிந்தாமணியை அச்சிட முனைந்த உ.வே.சாமிநாதையருக்கோ அந்தப் 'பிறர்' யார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாயிற்று. ஏட்டுச்சுவடிகளைத் தேடித்தேடிப் படித்தபோதுதான் அந்த அடிகளில் பல சங்க நூல்களிலிருந்து வந்தவை என்பது அவருக்குப் புலப்பட்டது. சிந்தாமணிப் பதிப்பு 1887இலும், புறநானூற்றுப் பதிப்பு 1894இலும் வெளிவந்தன.

பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொன்னாலே போதும், மேற்கோள் எதற்கு என்பது புரிந்துவிடும். சான்று என்பது படிப்பவருக்கு நாம் கொடுக்கும் முகவரி. 'ஒரு புத்தகத்தில் படித்தேன்' என்பது ஊர்ப்பெயர் இல்லாத கடிதம் போன்றது. நூல், ஆசிரியர், பதிப்பு, பக்கம் என்று சொன்னால் படிப்பவர் நேரே அந்த வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டலாம். நாம் சொன்னது சரிதானா என்றும் பார்க்கலாம்.

எதற்குச் சான்று வேண்டும்?

எல்லா வரிக்கும் சான்று காட்ட வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டியதில்லை. இந்தியா 1947 ஆகஸ்ட் 15இல் விடுதலை பெற்றது, மேட்டூர் அணை காவிரியின் மேல் உள்ளது என்பன போன்ற பொதுச் செய்திகளுக்குச் சான்று தேவையில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவை இருக்கும்.

நான்கு இடங்களில் கட்டாயம் வேண்டும். ஒருவருடைய சொற்களை அப்படியே எடுத்தால் வேண்டும். ஒருவருடைய கருத்தை நம் சொற்களில் எழுதினாலும் வேண்டும். புள்ளிவிவரம், எண்ணிக்கை, ஆய்வு முடிவு எதுவானாலும் வேண்டும். படம், வரைபடம், அட்டவணை ஆகியவற்றுக்கும் வேண்டும். பிராஜெக்டில் ஒட்டும் படங்களுக்குச் சான்று எழுத வேண்டும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிவதேயில்லை. ஐயம் வந்தால் சான்று எழுதிவிடுவதே நல்லது.

சொல்லை மாற்றினால் போதுமா?

இங்குதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். கல்லணையைப் பற்றி ஒரு மாணவி கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் படித்த நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கற்பனை செய்வோம்: 'கல்லணையின் சிறப்பு அதன் உயரத்தில் இல்லை. ஆழமான அடித்தளம் இல்லாமல் ஆற்று மணலின் மேலேயே பெருங்கற்களை அமர்த்தி அதை நிலைபெறச் செய்ததில் இருக்கிறது.'

அவள் இதை, 'கல்லணையின் பெருமை அதன் உயர்ச்சியில் இல்லை. ஆழமான அஸ்திவாரம் இல்லாமல் நதி மணல் மீதே பெரிய கற்களை வைத்து அதை உறுதியாக நிற்கச் செய்ததில் இருக்கிறது' என்று எழுதுகிறாள். சிறப்பு பெருமையாயிற்று, ஆறு நதியாயிற்று. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? கீழே சான்று எழுதியிருந்தாலும் இது நகலெடுத்ததாகவே கருதப்படும். ஏனென்றால் கருத்து மட்டும் நூலாசிரியருடையது, சொற்கள் தன்னுடையவை என்று அவள் படிப்பவரை நம்ப வைக்கிறாள்.

சரியான வழிகள் இரண்டு. அந்த வாக்கியம் அப்படியே வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் ஓர் எழுத்தும் மாறாமல் எழுதிச் சான்று காட்டலாம். இல்லையேல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததை ஒரு தோழிக்குச் சொல்வதுபோல் எழுத வேண்டும்: 'ஆற்றுப்படுகையில் பாறை கிடைக்கும்வரை தோண்டாமல் மணலையே நம்பிக் கல்லணையைக் கட்டியிருக்கிறார்கள், அதுவே அதன் வியப்பு என்கிறார் இந்நூலாசிரியர்.' எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து செய்தி பிசகாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'என்கிறார்' என்ற சிறு சொல்லைக் கவனியுங்கள். நம் குரல் எங்கே முடிகிறது, அவர் குரல் எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

புத்தகத்தை மூடிவிட்டு எழுத முடியவில்லை என்றால் பிள்ளைக்கு அது இன்னும் புரியவில்லை என்று பொருள். மறுபடி படிக்கச் சொல்லுங்கள். மேற்கோள் பயிற்சியால் வரும் பெரிய லாபம் இதுதான். நேர்மையோடு புரிதலும் கூட வருகிறது.

குறிப்பெடுக்கும்போதே தொடங்குங்கள்

தெரிந்தே திருடும் மாணவர்கள் குறைவு. பெரும்பாலானோர் குறிப்பு நோட்டில் ஒரு வாக்கியத்தை எழுதி வைப்பார்கள். இரண்டு வாரம் கழித்து அது தாம் யோசித்து எழுதியதா, எங்கிருந்தோ எடுத்ததா என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே சான்று எழுதும் வேலை முதல் குறிப்பு எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். கடைசி இரவுக்கு அதைத் தள்ளிப்போட்டால் மூன்று வரிதான் மிஞ்சும்.

எளிய முறை ஒன்று. தபால் அட்டை அளவில் அட்டைகளை வெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓர் அட்டையில் ஒரு செய்தி மட்டுமே. மேல் மூலையில் நூலின் பெயர், பக்க எண். பக்க மூலையில் ஓர் எழுத்து: அப்படியே எடுத்த வாசகமானால் 'மே' (மேற்கோள்), தன் சொற்களில் எழுதிய சுருக்கமானால் 'சு', தனக்குத் தோன்றிய கருத்தானால் 'எ' (என் எண்ணம்). கணினியில் எழுதும் பிள்ளைகள் இதையே மூன்று வண்ணங்களில் செய்யலாம்.

நூலகத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் அந்த இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபின் பக்க எண்ணுக்காக மறுபடியும் பஸ் ஏறும் அவஸ்தை மிஞ்சும்.

வடிவம்: இரண்டு முறைகள்

எம்.எல்.ஏ. என்றதும் சட்டமன்றம் நினைவுக்கு வர வேண்டாம். மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்னும் அமெரிக்க அமைப்பு வகுத்த முறைக்கு அந்தப் பெயர். மொழி, இலக்கியப் பாடங்களில் இது பெருவழக்கு. இதன் கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. ஏ.பி.ஏ. என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை. உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் பாடங்களில் இதைக் கேட்பார்கள். எந்த முறை என்று ஆசிரியர் சொல்லாவிட்டால் பிள்ளையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதை எடுத்தாலும் முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்ற வேண்டும். இரண்டையும் கலந்து எழுதுவதுதான் சாதாரணமாகக் காணும் பிழை.

எம்.எல்.ஏ. முறையில் தாளின் நான்கு புறமும் ஓர் அங்குல இடம் விட வேண்டும். எல்லா வரிகளுக்கும் இரட்டை இடைவெளி. முதற்பக்கத்தின் இடது மேல்புறத்தில் மாணவர் பெயர், ஆசிரியர் பெயர், பாடம், தேதி ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். வலது மேல்மூலையில் பெயரும் பக்க எண்ணும். நான்கு வரிக்கு மேற்பட்ட உரைநடை மேற்கோளானால் அதைத் தனிப் பத்தியாக அரை அங்குலம் உள்தள்ளி எழுத வேண்டும், அப்போது மேற்கோள் குறி தேவையில்லை. ஏ.பி.ஏ. முறையில் 40 சொற்களும் அதற்கு மேலும் உள்ள மேற்கோளுக்கு இப்படிச் செய்வார்கள்.

சான்று இரண்டு இடங்களில் வரும். கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் சுருக்கமாக, இறுதியில் தனிப்பக்கத்தில் முழு விவரமாக. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு மாணவர் படித்திருக்கிறார் என்போம். 45ஆம் பக்கத்திலிருந்து எடுத்தால் எம்.எல்.ஏ. முறையில் வாக்கியத்தின் முடிவில் (முருகன் 45) என்று வரும். ஏ.பி.ஏ. முறையில் (முருகன், 2010/2013, ப. 45) என்று மூல நூலின் ஆண்டும் மொழிபெயர்ப்பின் ஆண்டும் சேரும். இறுதிப் பட்டியலில் எம்.எல்.ஏ. முறைப்படி, 'முருகன், பெருமாள். ஒன் பார்ட் உமன். மொழிபெயர்ப்பு: அனிருத்தன் வாசுதேவன், பெங்குவின், 2013' என்று எழுத வேண்டும். நூற்பெயர் சாய்வெழுத்தில் வரும். பட்டியல் அகரவரிசையில் இருக்கும். ஒரு பதிவு இரண்டாம் வரிக்கு ஓடினால் அந்த வரி அரை அங்குலம் உள்ளே தள்ளித் தொடங்கும், ஆசிரியர் பெயர்கள் பளிச்சென்று கண்ணில் படுவதற்காக.

கட்டுரைக்குள் வந்த பெயர் ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் உள்ளது ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் வந்திருக்க வேண்டும். பட்டியலை நீளமாகக் காட்டப் படிக்காத நூல்களைச் சேர்ப்பது வேண்டாத வேலை.

நம் பிள்ளைகளுக்கு வரும் தனிச் சிக்கல்

மேலே கண்ட எடுத்துக்காட்டிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. இந்த முறைகள் குடும்பப் பெயரை முதலில் எழுதச் சொல்கின்றன. நமக்கோ பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். சி.என்.அண்ணாதுரை என்பதை 'அண்ணாதுரை, சி. என்.' என்று எழுதுவது எளிது. பெருமாள்முருகன் தமிழில் ஒரே சொல்லாக எழுதுகிறார், அதனால் தமிழ்ப் பட்டியலில் 'பெ' வரிசையில் வருவார். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக அச்சிடுவதால் அங்கே 'முருகன்' என்று தொடங்குகிறார். பட்டியல் தயாரித்துத் தரும் இணையதளங்கள் கடைசிச் சொல்லையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். உ.வே.சாமிநாதையரை ஆங்கிலத்தில் இரு சொல்லாக எழுதினால் அவரை 'ஐயர், உ. வே. சாமிநாத' ஆக்கிவிடும்! இப்படிப்பட்ட இடங்களில் இயந்திரத்தை நம்பாமல் வீட்டில் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துக் கொடுக்க வேண்டும். எழுத்துக்கூட்டலை நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியே எழுதுவது முறை.

தமிழ் நூலை ஆங்கிலக் கட்டுரையில் குறிக்கும்போது தலைப்பை ஒலி மாறாமல் ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் பொருளைத் தரலாம். திருக்குறள் போன்ற நூல்களுக்குப் பக்க எண்ணைவிடக் குறள் எண்ணே பயன்படும், எந்தப் பதிப்பிலும் அது மாறாது. மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் அது ஜி.யு.போப் 1886இல் வெளியிட்டதா, வேறொருவருடையதா என்று சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் அம்மா படித்துப் பொருள் சொல்லியிருந்தால், 'மொழிபெயர்ப்பு என் தாயார்' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவே உண்மை, அதுவே முறையும்கூட.

பாட்டி சொன்ன செய்தியும் சான்றுதான். 1960களில் ஊரைவிட்டு வந்து இங்கே குடியேறிய கதையை அவரிடம் கேட்டு எழுதினால், எம்.எல்.ஏ. பட்டியலில் அவர் பெயர், நேர்காணல் என்ற குறிப்பு, கேட்டவர் பெயர், தேதி ஆகியவற்றைத் தர வேண்டும். ஏ.பி.ஏ. முறையில் இறுதிப் பட்டியலில் சேர்க்காமல் கட்டுரைக்குள் மட்டும் குறிப்பிடுவார்கள். அச்சில் ஏறாத நம் குடும்ப வரலாறுகளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இணையமும் செயற்கை நுண்ணறிவும்

'கூகுள்' என்பது சான்றாகாது. அது நூலகத்தின் வழிகாட்டிப் பலகை மட்டுமே. எந்தப் பக்கத்தைப் படித்தோமோ அதன் ஆசிரியர், தலைப்பு, தளத்தின் பெயர், வெளியிட்ட தேதி, இணைய முகவரி, நாம் பார்த்த நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். விக்கிபீடியாவைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதன் அடியில் உள்ள அடிக்குறிப்புகளின் வழியே மூல நூல்களுக்குப் போவது நல்ல பழக்கம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டம், இந்திய தேசிய மின்னூலகம் ஆகியவற்றில் வீட்டிலிருந்தே நூல்களைப் படிக்கலாம்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும். எம்.எல்.ஏ. அமைப்பு 2023 மார்ச்சில் தந்த வழிகாட்டுதலின்படி, கருவியை ஆசிரியராகக் கருதக் கூடாது. கேட்ட கேள்வி, கருவியின் பெயர், அதன் பதிப்பு, நிறுவனம், தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பள்ளி இதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது அவசியம்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. இந்தக் கருவிகள் இல்லாத நூல்களுக்கும் அழகான சான்று தயாரித்துக் கொடுத்துவிடும். 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், விமான நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே எடுத்துக் காட்டினர். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது என்று தெரிந்ததும் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. படித்துத் தேறிய வழக்கறிஞர்களுக்கே இந்தக் கதி என்றால் பள்ளிப் பிள்ளைகளின் நிலை என்ன? கண்ணால் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதே என்ற ஒரே விதி இதற்கெல்லாம் மருந்து.

பெற்றோர் செய்யக்கூடியது

பிள்ளையின் கட்டுரையை நாம் எழுதிக் கொடுப்பதும், கடையில் சொல்லி வாங்கித் தருவதும் உதவியாகா. யார் எழுதினார்கள் என்பதை மறைக்கும் பாடத்தை நாமே வீட்டில் நடத்துவதாக அது முடியும். அதற்குப் பதிலாகப் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, கட்டுரையில் ஏதாவது ஒரு பத்தியைத் தொட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எங்கே படித்தாய்? அந்த இடத்தை எடுத்துக் காட்ட முடியுமா? இதில் நீ யோசித்துச் சொன்னது எது?

முதல் இரண்டுக்கும் விடை வந்தால் சான்றுகள் சரியாக உள்ளன. மூன்றாவதற்கு விடை வந்தால் கட்டுரையே சரியாக உள்ளது. பிறருடையதைப் பிறருடையது என்று பிரித்து வைத்தால்தான் தன்னுடையது எவ்வளவு என்று பிள்ளைக்கே தெரியும். முதல் கட்டுரையில் அது இரண்டு வரியாக இருக்கலாம். இருக்கட்டும், அடுத்த கட்டுரையில் நான்காகும்.

கோடை விடுமுறையில் நம் சங்க நூலகத்திலிருந்து ஆளுக்கொரு நூல் எடுத்து, ஒரே ஒரு பக்கக் கட்டுரை, மூன்றே மூன்று சான்றுகளுடன் எழுதச் சொல்லிப் பாருங்கள். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவர் கட்டுரையை ஒருவர் சரிபார்த்தால் இன்னும் நல்லது. பிராஜெக்ட் பருவம் வரும்போது அந்தக் கடைசி இரவில் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.